குண்டானில் போட்ட கவிதை

ஹெலனுக்கு நாற்பத்தாறு வயது. கேளம்பாக்கத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயர், வயது, எந்தக் கண், எப்போதிலிருந்து என்று கேட்டு எழுதிக்கொள்வது அவள் வேலை. வீடு நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டி உள்ளே திரும்பும் தெருவில். அவள் அப்பா மானாமதி பக்கம் அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்புமாகக் கூலிக்குக் கிடந்தவர். அந்த நிலங்களில் இப்போது கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். ஹெலன் சர்ச் விடுதியில் தங்கிப் பள்ளிக்கூடம் முடித்து, தபால் வழியில் பி.ஏ. வாங்கினாள். ஒரே மகள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள். கணவன் சாலமோன், நாவலூர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறான்.

அவள் கவிதை எழுதுவது ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. கோவளத்தில் தெரியாதவர் கிடையாது.

கோவளம் கடைத்தெருவில் கியாசுதீன் பாய் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே ஒரு மொட்டை ஹால். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே கூட்டம் சேரும். மீன் ஏலம் விடுகிற எல்லம்மாள் வருவாள், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் ஜோஷ்வா வருவான், மாமல்லபுரத்துச் சிற்பிகள், நாவலூர் கம்பெனிப் பிள்ளைகள், வீட்டில் சொல்லாமல் வருகிறவர்கள் என்று ஹால் கொள்ளாது. சும்மா படித்துவிட்டுக் கலைகிற கூட்டமில்லை அது. போன வருடம் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். சிற்பி ஒருவர் கல்லில் உளியால் தாளம் போட, ஜோஷ்வா வாசிக்க, பத்துப் பேர் சேர்ந்து எழுதிய ஒரு கவிதையை எல்லம்மாள் தன் ஏலக் குரலில் கூவினாள். சுற்றுலா வந்தவர்கள் நிஜமாகவே மீன் விலை கேட்டார்கள்.

கூட்டத்துக்குச் சட்டம் ஒன்றுதான். அவரவர் கவிதையைப் பெயர் போடாமல் எழுதி மடித்துக் கொண்டுவர வேண்டும். பாய் கடையிலிருந்து ஒரு பழைய பிரியாணிக் குண்டானை மாடிக்கு ஏற்றி நடுவில் வைப்பார். எல்லாத் தாளும் அதில் விழும். பிறகு ஆளுக்கு ஒன்றை எடுத்துப் படிக்க வேண்டும். தன்னுடையதே கையில் வந்தால் சத்தம் காட்டாமல் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். எழுதியது யார் என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. மற்றபடி திட்டலாம், வரியை அடிக்கலாம், இன்னொருவர் கவிதையோடு ஒட்டவைத்து ஒன்றாக்கலாம். கூட்டம் கலையும்போது தாள்கள் கீழே கடை அடுப்புக்குப் போகும்.

"பேரு தெரிஞ்சா பேரத்தான் பாராட்டுவீங்க. கவிதய எவன் பாராட்டுவான்?" என்பார் பாய். குண்டான் கூட்டம் என்றே அதற்குப் பெயராகிவிட்டது.

சாலமோன்தான் ஹெலனை வேனில் கொண்டுவந்து விடுவான். கீழேயே காத்திருப்பான். பாதிக் கூட்டத்தில் சமோசா பொட்டலத்தோடு மேலே வருவான்.

"இன்னா கவிஞருங்களா, பசிக்கிதா? கவிதய தின்னா வயிறு ரொம்பாது, இந்தாங்க."

"அண்ணாத்த வந்துட்டாருபா!" என்று ஜோஷ்வா எழுந்து ஓடுவான். முடிந்ததும் நாற்காலிகளை மடித்து ஓரமாக அடுக்கிவிட்டுப் போவதும் சாலமோன்தான். எல்லம்மாள் ஹெலனின் தோளை இடித்து, "உனக்கு வாச்ச மாதிரி ஒருத்தன் எனக்கு வாச்சிருந்தா நான் ஏன்டீ இன்னும் ஏலம் வுட்டுகினு கீறேன்?" என்பாள். ஹெலன் சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது. சில திங்கட்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஜுரம் என்று லீவு சொல்வாள். அங்கேயும் யாரும் எதுவும் கேட்டதில்லை.

அங்கே வந்துபோன அத்தனை வருடமும் அவள் கடலைப் பற்றி எழுதினாள், ஆலைக் குழாயைப் பற்றி எழுதினாள், கண் கட்டுப் பிரித்தவுடன் மனிதர்கள் முதலில் யாரைத் தேடுகிறார்கள் என்று எழுதினாள். மே மாதக் கூட்டத்துக்குப் போட்ட கவிதை அப்படி இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டாள். எழுதியதும் கிழித்துப் போட்டிருப்பாள். ஆனால் குண்டான் இருக்கிறதே, அதில் விழுந்தால் அது யாருடையதும் இல்லையே என்று நினைத்தாள்.

அதை எடுத்தவள் மஹீரா.

மஹீரா செங்கல்பட்டுப் பெண். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. கணவன் சுஹைப் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான், சாலமோனின் வேனில்தான் போய்வருவான். மாமியார் ஷாஜாதி வீட்டிலேயே துணி வியாபாரம் செய்கிறவர். அவரே மருமகளைக் கூட்டிவந்து, "இது வூட்ல எந்நேரமும் எதனா கிறுக்கிகினே கீது பாய், இங்க கிறுக்கட்டும்" என்று சேர்த்துவிட்டுப் போனார்.

மஹீரா தாளைப் பிரித்துப் படித்தாள்:

அவன் கோபப்படுவதில்லை.
முதலில் ஜன்னலைச் சாத்துகிறான்.
பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி
மேஜைமேல் மெதுவாக வைக்கிறான்.
கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.
காலையில்
காபி நன்றாக இருக்கிறது என்கிறான்.
நானும்
நன்றாக இருக்கிறது என்கிறேன்.

அந்த இடத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை மடித்துவிட்டாள். பிறகு கைதட்டல். ஜோஷ்வா வழக்கம்போலப் போனில் படம் பிடித்திருந்தான். வழக்கம்போல அன்றைக்கே கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அதற்கு முன்பு போட்டதெல்லாம் குழுவைத் தாண்டியதில்லை. இது தாண்டியது. ஒரு சின்னப் பெண், முக்காடு போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே 'என் வீட்டில் நடப்பது இது' என்று சொல்வதாகத்தான் பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். குண்டானும் அதன் சட்டமும் வீடியோவில் இல்லை.

வாரம் முடிவதற்குள் நாவலூரில் சுஹைப்பின் டீமுக்கு அது வந்துவிட்டது. அவன் கல்யாணத்தில் மாமனார் போட்ட வாட்ச் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். கேன்டீனில் பக்கத்து மேஜைப் பெண்கள் அவன் மணிக்கட்டைப் பார்த்தார்கள். மறுநாள் வாட்சைக் கட்டாமல் போனான். "பாத்தியா, கழட்டிட்டான்" என்றார்கள்.

செங்கல்பட்டிலிருந்து மஹீராவின் அப்பா அப்துல் அஹத் காரை எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்றபடியே, "துணிய எடுத்துகினு வாம்மா" என்றார்.

"அத்தா, அது நான் எழுதினதே இல்ல. அவரு என்ன ஒரு வார்த்த கூட சொன்னதில்ல."

"அடி வாங்குற பொண்ணு எது 'ஆமா'ன்னு சொல்லியிருக்கு? நீ ஏறு."

மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஜமாத்தில் சொல்லி உறவை முறித்துக்கொள்ளலாம் என்று ஷாஜாதி வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

ஷாஜாதி நேராக பிரியாணிக் கடைக்கு வந்தார். மதிய நேரம், கடையில் இடம் இல்லாத கூட்டம். ஹெலன் அன்று ஆஸ்பத்திரிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, எதற்கென்று தனக்கே சரியாகத் தெரியாமல், அங்கே வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பாய், எவ எழுதினா அத்த? பேர சொல்லு."

"எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. சட்டம் அது."

"உன் சட்டத்த குண்டான்ல போட்டு தம் வெச்சி தின்னு! என் புள்ள ஒரு எறும்ப மிதிக்க மாட்டான். தெருவுல தலை நிமிந்து போவ முடியாம அவன் வேல வுட்டு வந்தா பைக்கு கூட எடுக்காம உள்ளயே குந்திகினு கீறான். எழுதினவ எவளா இருந்தாலும் ஒரு வார்த்த 'என்னுதுதான்'னு சொல்லட்டும். அவ கால்ல வேணா வுழுறேன்."

ஹெலன் வாயைத் திறந்தாள். ஷாஜாதி அவள் பக்கம் திரும்பி, "நீயாச்சும் சொல்லும்மா ஹெலன், நீ பெரியவ, உனக்கு எல்லார் எழுத்தும் தெரியும்" என்றார். ஹெலன், "விசாரிக்கிறேங்க" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

சாலமோன் அந்த வீடியோவை எப்போது முதலில் பார்த்தான் என்று அவளுக்குத் தெரியாது. ஒருநாள் காலை வேனைத் துடைத்துக்கொண்டே போனில் அதை ஓடவிட்டிருந்தான். மஹீராவின் குரல் தெருவுக்கே கேட்டது. முடிந்ததும் மறுபடி வைத்தான்.

"எவ்ளோ நல்லா எழுதியிருக்கா. யாரு ஹெலனு இது?"

"தெரியாது. கேக்கக் கூடாதுல்ல."

"ஆமாமா, கேக்கக் கூடாது." மறுபடி வைத்தான்.

வேனில் போகும்போதும் அதைப் போட்டானாம். பின்னால் உட்கார்ந்திருந்த சுஹைப்பைக் கண்ணாடியில் பார்த்து, "தம்பி, வுடுபா. பொம்பளைங்க எதனா எழுதும். வாட்ச கட்டிகினு வா, இன்னாத்துக்கு பயப்படற?" என்று ஆறுதல் சொன்னானாம். வேன் முழுக்கச் சிரித்திருக்கிறது. சுஹைப் படூரிலேயே இறங்கிவிட்டான். அதன்பிறகு வேனுக்கு வரவில்லை. இதையெல்லாம் சாலமோனே இட்லி சாப்பிட்டுக்கொண்டு சொன்னான். "பாவம் அந்தப் புள்ள" என்றும் சொன்னான்.

சொல்லிவிட்டு, இடது கையிலிருந்து தன் வாட்சைக் கழற்றினான். தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தான்.

"இப்டித்தானே வெப்பான் அந்தாளு?"

ஹெலன் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி கையிலேயே நின்றது.

"எந்தாளு?"

"பாட்டுல வர்ற ஆளு." அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டான். "டைமாயிடுச்சி. இட்லி நல்லாக்கீது."

அன்றிலிருந்து அவன் கையை ஓங்கவில்லை. ஜன்னலைச் சாத்தவில்லை. சாயங்காலம் வந்தால் டீ போட்டுக் கொடுத்தான், ஆஸ்பத்திரி வாசலுக்கே வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். எந்த நாளுக்காக அவன் சேர்த்துவைக்கிறான் என்றுதான் ஹெலனுக்குப் புரியவில்லை. அடி விழுந்த நாட்களில்கூட மறுநாள் என்று ஒன்று இருக்கும். இதில் அதுவும் இல்லை. துணி காயப்போட்டால் முதுகில் அவன் பார்வை இருந்தது.

ஜூன் கூட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை மஹீரா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கண் காட்ட வந்தவள் மாதிரி வரிசையில் நின்று மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, திங்கக்கெழம ஜமாத்துல உக்கார்றாங்க. முடிச்சிடுவாங்க போலக்கீது."

"சுஹைப் என்ன சொல்றாரு?"

"போன் பண்ணா அழறாரு. 'நீ இல்லன்னு சொன்னா கூட நான் சொல்ல வெச்சேன்னு சொல்வாங்க மஹி'ன்றாரு. அக்கா, ஞாயித்துக்கெழம எங்க அத்தாவயும் மாமியையும் மாடிக்கு வரச் சொல்லியிருக்கேன். பாயும் சரின்னுட்டாரு. எழுதினவங்க அங்க இருப்பாங்கல்ல? ஒருத்தரும் சொல்லலன்னா அவ்ளோதான்." மேஜையில் சாய்ந்து குரலைத் தணித்தாள். "ஆனா அவங்களும் பாவம்ல? சொன்னா அவங்க வூட்ல இன்னா ஆவும்? அத்த நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல."

பின்னால் நின்ற பெரியவர், "இன்னாம்மா, கண்ணா பல்லா, இவ்ளோ நேரம்?" என்றார். ஹெலன் அடுத்த பெயரை எழுத ஆரம்பித்தாள். வயதைத் தப்பாக எழுதி அடித்து எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாலமோன் கீழே நிற்கவில்லை. "இன்னிக்கு பஞ்சாயத்தாமே, நானும் கேக்குறேன்" என்று அவளோடு மாடி ஏறினான். கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தான். ஷாஜாதி முன்னால், பக்கத்தில் சுஹைப் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. எதிர்ப்பக்கம் அப்துல் அஹத், மகளின் கையைப் பிடித்தபடி. நடுவில் குண்டான் காலியாக இருந்தது. அன்று யாரும் எதுவும் எழுதிக்கொண்டு வரவில்லை.

கியாசுதீன் பாய் எழுந்தார். "சட்டம் போட்டவன் நான். இன்னிக்கு நானே கேக்குறேன். எழுதினவங்க சொல்லலாம், சொல்லாமலும் போலாம். கட்டாயம் இல்ல."

கீழே பரோட்டா கொத்தும் சத்தம் மட்டும் வந்தது. அப்துல் அஹத் எழுந்து, "நான் சொன்னன்ல? எழுதினது இவதான். வாம்மா போலாம்" என்றார்.

"நான் எழுதினேன்" என்றாள் ஹெலன்.

முதலில் யாருக்கும் காதில் ஏறவில்லை. பிறகு எல்லம்மாள்தான் சிரித்தாள். "அட போம்மா! அந்தப் பொண்ணக் காப்பாத்த நீ பழிய தூக்கிப் போட்டுக்காத. உன் வூட்ல ஏது இந்தக் கதை? அண்ணாத்தய எங்களுக்குத் தெரியாதா?"

"ஹெலன் அக்காவுக்கு பெரிய மனசுபா" என்றான் ஜோஷ்வா. நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அவள் சொன்னது அந்த ஹாலில் நிற்க இடமில்லாமல் தவித்தது. அவள் பயந்ததெல்லாம் வேறு. நம்ப மாட்டார்கள் என்று அவள் ஒருபோதும் யோசித்ததில்லை.

சுவரோரத்திலிருந்து சாலமோன் கனிவாகச் சொன்னான்: "அவ அப்டித்தான். யாரு அழுதாலும் தாங்க மாட்டா. தப்பா எடுத்துக்காதீங்க. ஹெலனு, வா, வூட்டுக்குப் போலாம்."

ஹெலன் அவன் பக்கம் திரும்பவில்லை. மஹீராவைப் பார்த்தாள்.

"நீ முழுசாப் படிக்கலம்மா. 'நன்றாக இருக்கிறது என்கிறேன்'னு நிறுத்திட்ட. அதுக்குக் கீழ இன்னும் இருந்துச்சு." யாருக்கோ பெயர் வயது சொல்வதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்:

"பக்கத்து வீட்டில் கேட்டால்
கதவில் இடித்துக்கொண்டேன்.
எங்கள் வீட்டில்
கதவுகள் அதிகம்."

மஹீரா அப்பாவின் கையை விட்டுவிட்டு எழுந்தாள். "ஆமா" என்றாள். "தாள்ல இருந்துச்சு. என்னால படிக்க முடியல. அத்தா, அந்த வரிய நான் யார் கிட்டயும் சொல்லவே இல்ல. உங்க கிட்ட கூட."

ஹாலில் ஒவ்வொரு தலையாகப் பின்பக்கம் திரும்பியது. அப்துல் அஹத்தின் தலையும் திரும்பியது. ஒரு மாதமாக மருமகனைப் பார்த்த பார்வையால் இப்போது சாலமோனைப் பார்த்தார். சாலமோன் சிரித்த முகத்தை மாற்றவில்லை.

"கவிதைதானே. கவிதைல எதுவும் எழுதலாம்" என்றான். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "சரி, பேசிகினு இருங்க. நான் கீழ கீறேன். பொறுமையா வா ஹெலனு."

"நான் வரல."

"பொறுமையா வா" என்று மறுபடி சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

எல்லம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "இவன் வாங்கியாந்த சமோசாவ தின்னுகினு இவன் பொண்டாட்டி கிட்டயே இவன் பெருமைய பேசிகினு இருந்தேனே, பாவி" என்றாள். சுஹைப் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மஹீரா நடந்துவந்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஷாஜாதி அவர்களைப் பார்க்கவில்லை. ஹெலனிடம் வந்தார். நன்றி எதுவும் சொல்லவில்லை.

"எங்க வூட்டு மாடி ரூமு காலியாத்தான் கீது. வா. துணிமணிக்கு ஒண்ணியும் போவ வேணாம், வூடு பூரா துணிதான்."

ஹெலன் தலையாட்டினாள். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கீழே சாலமோனின் குரல் கேட்டது. யாரிடமோ போனில் செல்லமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்படி அவன் ஒரே ஒருத்தியிடம்தான் பேசுவான். தன் போனை எடுத்து வேலூருக்கு அடித்தாள். லைன் பிஸி. மறுபடி அடித்தாள். பிஸி. மூன்றாவது முறை மகள் எடுத்தாள்.

"அம்மா! இப்பதாம்மா அப்பா பேசுனாரு. ரொம்ப நாளாச்சாம், பாக்கணும்போல இருக்காம். இப்பவே கெளம்பி வர்றாராம், வெளிய போய் சாப்பிடலாம்னாரு. நீயும் வர்றியா?"

"அப்பா வந்தா கீழ எறங்காத. ஹாஸ்டல விட்டு வெளிய வராத. வார்டன் கிட்ட போய் உக்காந்துக்க."

மகள் ஏன் என்று கேட்கவில்லை.

"சொல்லிட்டியாம்மா?" என்றாள்.

"சொல்லிட்டேன்."

அவர்கள் இறங்கி வருவதற்குள் வேன் போய்விட்டிருந்தது. கல்லாவில் இருந்தவர், "அண்ணாத்த இப்பதான் எடுத்துகினு போனாரு. வேலூருன்னாரு. நல்ல மூடுல கீறாரு போல" என்றார்.

அப்துல் அஹத் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். வயதாகிவிட்டது, இருட்டினால் கண் தெரியாது. சாவியை சுஹைப்பிடம் நீட்டினார். "நீ ஓட்டு மாப்ள. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வழியா போயிடலாம். எனக்கு ரோடு தெரியும்." அவன் வாங்கிக்கொண்டான். இருவரும் முன்னால் ஏறினார்கள். மஹீராவும் ஹெலனும் பின்னால்.

கார் திருப்போரூர் ரோட்டைப் பிடித்தபோது விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. முன்னால் போகும் ஒவ்வொரு வேனின் பின்புறத்தையும் சுஹைப் எட்டிப் பார்த்துத் தாண்டினான். எதுவும் சாலமோனுடையதில்லை.

"வார்டன் நம்பரு எதனா கீதா அக்கா?" என்றான் கண்ணாடியில் பார்த்து.

"மகள் கிட்டதான் கேக்கணும்" என்று ஹெலன் மறுபடி அடித்தாள். இந்த முறையும் லைன் பிஸியாக இருந்தது.